18,70,374 என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்கும் முறை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 18,70,374 பேர். தக்கலைக்கு அருகே மாலை வேளையில் நான் நடத்திவரும் கணக்கு வகுப்பில், பகாக் காரணிகள் பாடத்தை இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதித்தான் தொடங்குவேன். பாடநூல்களில் வரும் 360, 1260 போன்ற எண்கள் வகுபட வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை; அவற்றை எந்தப் பக்கம் தட்டினாலும் திறந்துகொள்ளும். 18,70,374 அப்படிப்பட்டதன்று. ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை வீடு வீடாக எண்ணி முடித்தபோது வந்து நின்ற தொகை அது. கணக்கு ஆசிரியரின் வசதிக்காக யாரும் செய்து கொடுத்ததன்று. அத்தகைய ஓர் எண்ணைத் தாளும் பேனாவும் மட்டும் கொண்டு எவ்வாறு அணுகுவது, அதன் காரணிகளையும் வகுத்திகளையும் மற்றப் பண்புகளையும் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறிவது என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் கையில் இருப்பது வேறு எண்ணாக இருந்தாலும் இதே வழியில் செல்லலாம்.

முதல் வேலை, எண்ணைச் சரியாகப் படி எடுப்பது. இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஏனெனில் ஓர் ஆண்டு நானே 3-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றி 18,70,734 என்று பலகையில் எழுதிவிட்டேன். கடைசி இலக்கமும் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் மாறாததால் 2-ஆலும் 3-ஆலும் எண் ஒழுங்காகவே வகுபட்டது. 11-க்கு வந்தபோது மீதி 8 நின்றது. முந்தைய ஆண்டு மீதியின்றி வகுபட்ட எண் இந்த ஆண்டு ஏன் வகுபடவில்லை என்று அரை மணி நேரம் தேடிய பிறகே பிழை கண்ணில் பட்டது. அன்றிலிருந்து, படி எடுத்த எண்ணை 9-ஐக் கொண்டு மட்டும் சரிபார்ப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் இலக்கக் கூட்டுத்தொகை அதைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் பார்க்கும் 11-இன் சோதனை, அந்த இரண்டு இலக்கங்களும் ஒன்றாகவே இருந்தாலொழிய, தவறாமல் காட்டிக்கொடுக்கும்.

காற்புள்ளியை மறந்து, வலமிருந்து பிரித்தல்

லட்சம், ஆயிரம் என்று வாசிப்பதற்கு 18,70,374 என எழுதும் நம் வழக்கமே நல்லது. வகுபடுதன்மையைச் சோதிக்கும்போது மட்டும் காற்புள்ளிகளை மறந்துவிட்டு, எண்ணை வலது ஓரத்திலிருந்து சம அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். எத்தனை இலக்கத் துண்டு என்பதைப் பொறுத்து எந்தப் பகா எண்களைப் பற்றிய செய்தி கிடைக்கும் என்பது அமைகிறது.

முதலில் இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரியுங்கள்: 1, 87, 03, 74. இவற்றைக் கூட்டினால் 165. அதை மீண்டும் பிரித்துக் கூட்டினால் 1 + 65 = 66. நூறை 99-ஆல் வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே ஒவ்வோர் இரட்டை இலக்கத் துண்டும், தன் இடமதிப்பு எதுவாக இருந்தாலும், 99-ஐப் பொறுத்தவரை தன் மதிப்பை மட்டுமே மீதியாகத் தருகிறது. எனவே 18,70,374-ஐ 99-ஆல் வகுத்தால் மீதி 66. இந்த 66, 3-ஆலும் 11-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது. மூல எண்ணும் அப்படியே. 3-க்குத் தனியாக, 9-க்குத் தனியாக, 11-க்குத் தனியாக என்று மூன்று சோதனைகள் செய்வதற்குப் பதில் இந்த ஒரே கூட்டல் போதும். 9-ஆல் வகுபடாது என்ற செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது மிகவும் பயன்படும்.

அடுத்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரியுங்கள்: 1, 870, 374. இம்முறை வலமிருந்து தொடங்கி மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும்: 374 − 870 + 1 = −495. ஆயிரத்தொன்று என்பது 7 × 11 × 13. ஆயிரத்தை 1001-ஆல் வகுப்பது −1-ஐ மீதியாகக் கொள்வதற்குச் சமம். ஆகவே 495 எந்தெந்த எண்ணால் வகுபடுகிறது என்று பார்த்தால் 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைக்கும். 495 = 45 × 11; எனவே 11-ஆல் வகுபடும் என்பது மறுபடியும் உறுதியாகிறது. 7-ஆல் வகுத்தால் 5 மீதி, 13-ஆல் வகுத்தால் 1 மீதி, அவ்விரண்டும் இல்லை. இதே துண்டுகளைக் கழிக்காமல் கூட்டினால் 1245. மீண்டும் பிரித்துக் கூட்டினால் 246. இது 999-க்கான சோதனை; 999 = 27 × 37. 246-இலிருந்து 37-இன் ஆறு மடங்கான 222-ஐக் கழித்தால் 24 மிஞ்சுவதால் 37-உம் காரணியன்று.

கடைசி இலக்கம் 4 என்பதால் எண் 2-ஆல் வகுபடும், 5-ஆல் வகுபடாது. கடைசி இரண்டு இலக்கங்களான 74-ஐ 4-ஆல் வகுத்தால் 2 மீதி வருவதால், எண்ணுக்குள் ஒரே ஒரு 2 மட்டுமே இருக்கிறது. இவ்வளவு தெரிந்த பிறகுதான் வகுக்கத் தொடங்க வேண்டும். மாணவர்கள் பலர் எண்ணைப் பார்த்த கணத்திலேயே வகுத்தல் ஏணியை வரைந்து 2, 3, 5, 7 என்று இறங்கிவிடுகிறார்கள்; பாதி வகுத்தல்கள் மீதியில் முடிந்து தாள் முழுவதும் அடித்தல் திருத்தலாகிவிடுகிறது.

18,70,374 ÷ 2 = 9,35,187
9,35,187 ÷ 3 = 3,11,729
3,11,729 ÷ 11 = 28,339

28,339 மீண்டும் 11-ஆல் வகுபடுமா என்று பார்க்க வேண்டும்: 9 − 3 + 3 − 8 + 2 = 3; வகுபடாது. 3-ஆலும் வகுபடாது என்பது 9-இன் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. 7, 13 இரண்டும் மூல எண்ணையே வகுக்காதவை. மூல எண்ணை வகுக்காத பகா எண் அதன் துண்டை மட்டும் வகுக்க வழியில்லை. ஆகவே அடுத்துச் சோதிக்க வேண்டியது 17.

பதினேழுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கடைசி இலக்கத்தை நீக்கி, அதன் ஐந்து மடங்கை மிஞ்சிய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 51 என்பது 17-இன் மூன்று மடங்கு என்பதே இதற்குக் காரணம். 28339 என்பது 2833 − 45 = 2788 ஆகிறது; 2788 என்பது 278 − 40 = 238 ஆகிறது; 238 என்பது 23 − 40 = −17 ஆகிறது. எனவே 28,339 பதினேழால் வகுபடும், ஈவு 1667.

1667-ஐப் பகா எண் என்று எப்போது சொல்லலாம்

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "இதற்கு மேல் வகுபடவில்லை" என்று தோன்றியவுடன் நிறுத்திவிடுவதும் தவறு. எதுவரை பார்ப்பது என்று தெரியாமல் நூறு வரை வகுத்துக்கொண்டே போவதும் வீண் உழைப்பு. ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கற்பலனாக இருந்தால், அவற்றுள் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. 41-இன் வர்க்கம் 1681. அது 1667-ஐவிடப் பெரியது. ஆகவே 37 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். அவற்றுள் 2, 3, 5, 7, 11, 13, 37 ஆகியவை முன்னரே நீங்கிவிட்டன. எஞ்சியவை 17, 19, 23, 29, 31 என்ற ஐந்து மட்டும். 17-ஐ மீண்டும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். 28,339-க்குள் ஒரு 17 இருந்தது, இரண்டாவது ஒன்று இல்லை என்று நாம் இன்னும் காட்டவில்லை.

இந்த ஐந்துக்கும் பதினேழைப் போலவே கடைசி இலக்கச் சோதனை உண்டு. 19-க்குக் கடைசி இலக்கத்தின் இரு மடங்கையும், 23-க்கு ஏழு மடங்கையும், 29-க்கு மூன்று மடங்கையும் மிஞ்சிய எண்ணோடு கூட்ட வேண்டும். 31-க்கு மூன்று மடங்கைக் கழிக்க வேண்டும். 1667-இல் கடைசி இலக்கம் 7, மிஞ்சுவது 166. முறையே வருபவை: 17-க்கு 166 − 35 = 131; 19-க்கு 166 + 14 = 180; 23-க்கு 166 + 49 = 215; 29-க்கு 166 + 21 = 187; 31-க்கு 166 − 21 = 145. இவற்றுள் எதுவும் தனக்குரிய பகா எண்ணால் வகுபடாது. ஆகவே 1667 பகா எண் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது. முழு விடை:

18,70,374 = 2 × 3 × 11 × 17 × 1667

இந்த வரியை எழுதி முடித்துத் திரும்பிய ஒரு நாளில், முதல் பெஞ்சில் இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், இதுல 187-ம் அதுக்க ரெண்டு மடங்கும் அடுத்தடுத்து கெடக்குல்லா?" என்று கேட்டாள். நான் பலகையைப் பார்த்தேன். 187, பிறகு 0, பிறகு 374. அவள் சொன்னது சரி. 187-ஐப் பத்தாயிரத்தால் பெருக்கினால் 18,70,000. அதனுடன் 187-இன் இரு மடங்கான 374-ஐச் சேர்த்தால் நம் எண். அதாவது 18,70,374 = 187 × 10,002. 187 என்பது 11 × 17. 10,002 என்பது 6 × 1667. பலகையின் இரண்டு பக்கங்களை நிரப்பி நான் வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் ஒரே பார்வையில் வந்துவிட்டாள். 1667 பகா எண் என்பதை மட்டும் அப்போதும் தனியாக நிறுவத்தான் வேண்டும். ஆனால் மற்றவை அனைத்தும் இலக்கங்களின் வரிசையிலேயே எழுதப்பட்டிருந்தன. அதன்பின், எந்த எண்ணை எடுத்தாலும் முதல் ஒரு நிமிடம் யாரும் பேனாவைத் தொடக் கூடாது என்பதை வகுப்பின் விதியாக்கிவிட்டேன். இலக்கங்கள் திரும்ப வருகின்றனவா, ஒரு துண்டு இன்னொரு துண்டின் மடங்காக இருக்கிறதா என்று அந்த ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டும். எல்லா எண்ணிலும் இது கிடைக்காது. கிடைக்கும் எண்ணில் இதைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு.

வகுத்திகள்

பகாக் காரணிகள் ஐந்தும் ஒவ்வொரு முறையே வருவதால், ஒரு வகுத்தியை உருவாக்குவது என்பது ஐந்து பகா எண்களில் எவற்றை எடுத்துக்கொள்வது, எவற்றை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதுதான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்புகள்; ஆகவே வகுத்திகள் 2 × 2 × 2 × 2 × 2 = 32. ஒரு பகா எண் பல முறை வந்தால், வரும் முறைகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்.

முப்பத்திரண்டையும் ஒழுங்காக எழுத, முதலில் 1667-ஐ ஒதுக்கிவிட்டு மற்ற நான்கின் பெருக்கற்பலனான 1122-இன் வகுத்திகளை எழுதுங்கள்: 1, 2, 3, 6, 11, 17, 22, 33, 34, 51, 66, 102, 187, 374, 561, 1122. இவை பதினாறு. இவை ஒவ்வொன்றையும் 1667-ஆல் பெருக்கினால் மற்றப் பதினாறும் வரும்: 1667, 3334, 5001, 10,002 என்று தொடங்கி 9,35,187, 18,70,374 வரை. முதல் வரிசையின் மிகப் பெரிய எண்ணான 1122-உம் இரண்டாம் வரிசையின் மிகச் சிறிய எண்ணான 1667-உம் ஒன்றோடொன்று பெருகி மூல எண்ணைத் தருகின்றன. மாவட்டத்து மக்கள் அனைவரையும் ஒரு செவ்வகமாக நிறுத்த வேண்டுமானால், சதுரத்துக்கு மிக நெருங்கிய செவ்வகம் இதுவே: வரிசைக்கு 1667 பேராக 1122 வரிசைகள். ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். 1122 என்பது 33 × 34 என்று அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கற்பலனாகவும் அமைந்திருக்கிறது.

முப்பத்திரண்டு வகுத்திகள் என்பது அதிகமா, குறைவா? இதே அளவுள்ள எண்களில் 14,41,440-க்கு 288 வகுத்திகள் உண்டு. அது 2-இன் ஐந்தாம் அடுக்கு, 3-இன் இரண்டாம் அடுக்கு, 5, 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்கற்பலன். 6 × 3 × 2 × 2 × 2 × 2 என்று கணக்கிட்டால் 288 வரும். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகள் கொண்ட இத்தகைய எண்களைத்தான் சீனிவாச இராமானுஜன் 1915-இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரையில் ஆராய்ந்தார். அந்த எண்கள் சிறிய பகா எண்களைத் திரும்பத் திரும்ப அடுக்கி எழுந்தவை. நம் எண்ணிலோ 1667 என்ற ஒரே பெரிய பகா எண் பேரிடத்தை அடைத்துக்கொண்டுவிட்டது.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு முப்பத்திரண்டையும் கூட்ட வேண்டியதில்லை. (1 + 2)(1 + 3)(1 + 11)(1 + 17)(1 + 1667) என்று எழுதி அடைப்புகளை விரித்தால் எல்லா வகுத்திகளும் ஒவ்வொரு முறை வரும்; ஆகவே 3 × 4 × 12 × 18 × 1668 = 43,23,456. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 24,53,082. இது மூல எண்ணைவிடப் பெரியது. தன்னையொழிந்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிட மிகுந்திருப்பதால் இது மிகை எண். உண்மையில் இதைக் கணக்கிடாமலே சொல்லிவிடலாம்: 6-ஆல் வகுபடும் எந்த எண்ணிலும் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய மூன்றையும் சேர்த்தால் எண்ணே வந்துவிடும். இங்கே 9,35,187 + 6,23,458 + 3,11,729 = 18,70,374. வேறு ஒரு வகுத்தி இருந்தாலே மிகைதான்.

நம் எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத, அதனிலும் சிறிய எண்கள் எத்தனை என்பதையும் இதே போலப் பெறலாம். ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும். 1 × 2 × 10 × 16 × 1666 = 5,33,120. இது ஆய்லர் தந்த வழி.

வர்க்கங்களாக எழுதுதல்

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக 18,70,374-ஐ எழுத முடியுமா? முடியாது. எந்த வர்க்க எண்ணையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. ஆகவே இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் 2-ஐ மீதியாகத் தரவே தராது. நம் எண் தருகிறது. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவும் முடியாது. வர்க்க எண்ணை 3-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1 மட்டுமே; ஆகவே இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட வேண்டுமானால் அவை இரண்டுமே 3-ஆல் வகுபட்டாக வேண்டும். அப்படியானால் கூட்டுத்தொகை 9-ஆலும் வகுபடும். நம் எண் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது என்று தொடக்கத்திலேயே கண்டோம். நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே.

மூன்று வர்க்கங்கள் கிடைத்தால் போதும். 4-ஆல் இயன்றவரை வகுத்த பின் 8-ஆல் வகுக்கும்போது மீதி 7 வரும் எண்களுக்கு மட்டுமே மூன்று வர்க்கங்கள் போதாது. நம் எண் 4-ஆல் வகுபடுவதே இல்லை, 8-ஆல் வகுத்தால் மீதி 6. எனவே மூன்று வர்க்கங்கள் உறுதியாக உண்டு. அவற்றைத் தேடும்போது மிகப் பெரிய வர்க்கத்தை முதலில் கழித்துப் பாருங்கள். 1367-இன் வர்க்கம் 18,68,689. கழித்தால் மிஞ்சுவது 1685. இதிலிருந்து 41-இன் வர்க்கமான 1681-ஐக் கழித்தால் 4. அதாவது:

18,70,374 = 1367² + 41² + 2²

முதல் முயற்சியிலேயே இப்படி அமைவது எப்போதும் நடப்பதன்று. மிஞ்சியது இரண்டு வர்க்கங்களாகப் பிரியாவிட்டால் 1366, 1365 என்று ஒவ்வொன்றாகக் கீழிறங்கிப் பார்க்க வேண்டும்.

வகுத்திகளின் பட்டியலில் 561 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? 3 × 11 × 17. ஒன்று முதல் முப்பத்து மூன்று வரை கூட்டினால் வரும் முக்கோண எண்ணும் அதுவே. அதைவிட முக்கியமான பெருமை ஒன்று அதற்கு உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்பதை அறிய ஃபெர்மாவின் தேற்றத்தைச் சோதனையாகப் பயன்படுத்துவதுண்டு: பகா எண்ணான p-யால் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 என்ற அடுக்குக்கு உயர்த்தி p-யால் வகுத்தால் மீதி 1 வரும். 561 பகா எண்ணன்று. ஆனாலும் தன்னோடு பொதுக் காரணி இல்லாத எல்லா எண்களுக்கும் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. 560 என்பது 2, 10, 16 மூன்றாலும் வகுபடுவதே இதற்குக் காரணம்; அவை முறையே 3, 11, 17 ஆகியவற்றிலிருந்து ஒன்று குறைந்தவை. இத்தகைய எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர்; அவற்றுள் மிகச் சிறியது 561. நம் மாவட்டத்து மக்கள்தொகை அதன் 3334 மடங்கு.

இரும எண்ணாக எழுதுவது எளிது, பொறுமை மட்டும் வேண்டும்: தொடர்ந்து 2-ஆல் வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் 111001000101000100110 கிடைக்கும். இருபத்தோர் இலக்கங்கள், அவற்றில் ஒன்பது ஒன்றுகள்.

ஆண்களும் பெண்களும்

அந்தக் கணக்கெடுப்பில் ஆண்கள் 9,26,345 பேர், பெண்கள் 9,44,029 பேர். ஆயிரம் ஆண்களுக்கு 1019 பெண்கள் என்று சொல்லப்படுவது இதிலிருந்து வந்ததே. இந்த விகிதத்தைச் சுருக்க முடியுமா என்று அறிய மீப்பெரு பொதுக் காரணி வேண்டும். இரண்டு எண்களையும் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்ப்பது நீண்ட வேலை. யூக்ளிட்டின் வகுத்தல் முறையில் காரணிகளைத் தொடாமலே விடை காணலாம். பெரியதைச் சிறியதால் வகுத்து, பிறகு வகுத்த எண்ணை மீதியால் வகுத்து, இப்படியே இறங்க வேண்டும்.

9,44,029 = 9,26,345 × 1 + 17,684
9,26,345 = 17,684 × 52 + 6,777
17,684 = 6,777 × 2 + 4,130
6,777 = 4,130 × 1 + 2,647

தொடர்ந்தால் மீதிகள் 1483, 1164, 319, 207, 112, 95, 17, 10, 7, 3, 1 என்று இறங்கி ஒன்றில் முடிகின்றன. ஆகவே இவை சார்பகா எண்கள். விகிதத்தை இதற்கு மேல் சுருக்க முடியாது.

ஆயினும் இந்த இறக்கம் வீண் போவதில்லை. இதில் வந்த ஈவுகளைக் கொண்டு விகிதத்துக்கு நெருக்கமான சிறிய பின்னங்களைப் பெறலாம். முதல் இரண்டு ஈவுகள் 1, 52. அவற்றிலிருந்து வருவது 1 + 1/52, அதாவது 53/52. ஐம்பத்திரண்டு ஆண்களுக்கு ஐம்பத்து மூன்று பெண்கள் என்று ஒரு வகுப்பறைக்குள் அடங்கும் எண்களில் சொல்லிவிடலாம். எவ்வளவு சரியானது? 9,26,345-ஐ 52-ஆல் வகுத்து 53-ஆல் பெருக்கினால் சுமார் 9,44,159. உண்மை எண்ணிக்கையைவிட 130 மட்டுமே கூடுதல். மூன்றாவது ஈவான 2-ஐயும் சேர்த்தால் 107/105 கிடைக்கும். அதில் வேறுபாடு 39-ஆகக் குறைகிறது. ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வதைவிட இந்தச் சிறிய பின்னங்களையே நான் விரும்புகிறேன். பிள்ளைகள் அவற்றை மனக்கண்ணில் பார்க்கிறார்கள்.

ஆண்களின் எண்ணிக்கையைப் பிரித்தால் 5 × 7 × 7 × 19 × 199. இதில் 7 × 19 = 133 அடங்கியிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, கடலுக்குள் நிற்கும் வள்ளுவர் சிலையின் உயரமான 133 அடியோடு பொருத்திப் பார்த்து மகிழ்ந்தார்கள். தற்செயல்தான்; ஆயினும் 133-இன் காரணிகளை அவர்கள் இனி மறக்க மாட்டார்கள்.

பயிற்சிக்கு, நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்தின் குறியீட்டு எண்ணான 629001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு நிமிடம் பாருங்கள். இதில் 187 போல் எதுவும் தென்படாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 18, ஆகவே 9-ஆல் வகுபடும், ஈவு 69,889. இந்த ஈவின் இலக்கக் கூட்டுத்தொகை 40 என்பதால் அது மீண்டும் 3-ஆல் வகுபடாது; 9-இல் முடிவதால் 2, 5 இரண்டாலும் வகுபடாது. மும்மூன்றாகப் பிரித்தால் 1 − 629 = −628; இது 7, 11, 13 மூன்றாலும் வகுபடாது. அதன் பிறகு குறுக்கு வழி இல்லை. 17, 19, 23 என்று ஒவ்வொரு பகா எண்ணாகச் சோதித்துக்கொண்டே போக வேண்டும்; 43 வரை ஒவ்வொன்றும் மீதி வைக்கும். 47-இல் எண் திறக்கும்: 69,889 = 47 × 1487. இப்போது 1487 பகா எண்ணா என்று மீண்டும் தொடக்கத்திலிருந்து சோதிக்கப் பேனாவை எடுக்க வேண்டாம். 39-இன் வர்க்கம் 1521. ஆகவே 1487-க்கு 37 வரை பார்த்தால் போதும், அந்தப் பகா எண்கள் அனைத்தையும் 69,889-க்கு ஏற்கெனவே பார்த்துத் தள்ளிவிட்டோம். 69,889-ஐ வகுக்காதது 1487-ஐ வகுக்காது. சோதனையே இன்றி, 1487 பகா எண்.